ஐயா போன பிறகு கேட்கிற கேள்வி

போன மாதம் பழைய வார்ட்டிலிருந்து ஒரு போன். இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் சிஸ்டர் பேசினாள். ஒரு காலத்தில் என்னிடம் திட்டு வாங்கித் தேறியவள்தான்.

"சிஸ்டர், ஒரு சந்தோஷமான சங்கதி. ஒப்பரேஷனுக்கப்புறம் பெரிய சிக்கல் வந்தவங்கள்ல எத்தனை பேர் பொழைச்சு வீட்டுக்குப் போனாங்கன்னு பார்த்துத்தான் இனி ஆஸ்பத்திரியை எடை போடணும்னு கூட்டத்துல பேசுறாங்க. அதை நாங்க எப்பவோ ஆரம்பிச்சுட்டோம்னு எந்திரிச்சு நின்னு சொல்லிட்டேன். நீங்க வந்து சின்னப் பிள்ளைங்களுக்கு அந்தக் கதையைச் சொல்லணும். அஞ்சு நிமிஷம் போதும்."

அஞ்சு நிமிஷமா! எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அடுப்பில் பருப்பு இருப்பதையே மறந்துவிட்டேன், அது அடிப்பிடித்துப் போனது. அஞ்சு நிமிஷத்தில் நான் தொண்டையைத்தான் சரிசெய்வேன், எழுதியே அனுப்புகிறேன், எல்லோரும் உட்கார்ந்து படியுங்கள் என்று சொல்லிவிட்டேன். அதுதான் இது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தாள், அப்பா செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். கண்டியில் தாதிப் பயிற்சி. பாடமெல்லாம் சிங்களம். முதல் சில மாதம் ராத்திரி அழுகை, பகலில் மனப்பாடம். பிறகு நான் சிங்களத்தில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டேன். இரண்டு மூன்று ஊர் மாறி, கடைசியில் நம் மலைப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பெண்கள் சர்ஜரி வார்ட்டுக்கு சிஸ்டராக வந்தேன். ஆள் பற்றாத நாட்களில் பக்கத்து ஆண்கள் வார்ட்டும் என் தலையில்தான் விழும். என் குரல் தேயிலைத் தொழிற்சாலையில் ஊதுகிற சங்குக்கு ஈடானது என்று எல்லோருக்கும் அபிப்பிராயம். முதுகுக்குப் பின்னால் என்னைச் 'சங்கு சிஸ்டர்' என்பார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

இனி சேரைப் பற்றி. 'சார்' என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், எங்கள் சர்ஜன் அவர். காலிப் பக்கத்துச் சிங்களவர், குளிர் அவருக்கு ஆகவே ஆகாது. தியேட்டருக்குள் இருக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கழுத்தில் ஒரு மப்ளர். பேச்சு மிகக் குறைவு. நோயாளியின் கால்மாட்டில் வந்து, கட்டில் கம்பியில் கையை வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நிற்பார். பின்னால் நாங்கள் ஒரு கூட்டமே நெளிந்துகொண்டிருப்போம். அவர் பாட்டுக்கு அந்த மனுஷியின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்து முடித்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

அவர் வந்த புதிதில் ஒரு மரணம் நடந்தது. கந்தப்பளைப் பக்கத்து மனிதர், உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வேலை செய்தவர். வயிற்றில் ஒப்பரேஷன் நன்றாகத்தான் நடந்தது. பிறகு உள்ளே கிருமி பரவி, நாங்கள் சுதாரிப்பதற்குள் ஆள் போய்விட்டார். விசாரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எல்லோரும் ஆளுக்கொரு பதிலைத் தயார் செய்துகொண்டு கூட்டத்துக்குப் போனோம். அந்தக் காலத்தில் அப்படித்தான். சிக்கல் வந்தாலே அது யாரோ ஒருவருடைய குற்றம். ஆகவே சிக்கல் என்ற வார்த்தையையே யாரும் சொல்ல மாட்டார்கள். 'கொஞ்சம் சுகமில்லை' என்று பூசி மெழுகி, அது கையை மீறிப் போன பிறகுதான் மேலிடத்துக்குச் சேதி போகும்.

சேர் எங்கள் பதில் ஒன்றையும் கேட்கவில்லை. சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "சிக்கல் ஏன் வந்ததென்று நான் யாரையும் திட்டப் போவதில்லை. எவ்வளவு நன்றாக வெட்டித் தைத்தாலும் சிலருக்கு அது வரும், உலகத்தில் எல்லா ஆஸ்பத்திரியிலும் வரும். இந்த ஊரில் மழை பெய்வதற்காக யாரையாவது திட்ட முடியுமா? ஆனால் மழை பெய்யும்போது துணி கொடியிலேயே நனைந்துகொண்டு கிடந்தால் வீட்டில் இருப்பவர்களைத்தான் கேட்பேன். சிக்கல் வந்த பிறகு எத்தனை பேரைச் சாகாமல் வீட்டுக்கு அனுப்பினோம்? இந்த வார்ட்டின் யோக்கியதை அதில்தான் இருக்கிறது."

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது! இத்தனை வருடமாகப் பயந்து பயந்து மூடி வைத்ததை இந்த மனிதர் ஒரு வார்த்தையில் திறந்துவிட்டாரே என்று இருந்தது. அன்றைக்கே ஒரு சட்டமும் போட்டார். நோயாளியைப் பார்த்து மனசில் ஏதோ சரியில்லை என்று பட்டால், நேற்று வேலைக்குச் சேர்ந்த மிஸ், அதாவது சாதாரண நர்ஸ் கூட, அவரையே நேராகக் கூப்பிடலாம். நடுவில் யாரிடமும் கேட்க வேண்டாம்.

சட்டம் போடுவது சுலபம். சின்ன டொக்டர், பெரிய டொக்டர் எல்லோரையும் தாண்டி சர்ஜனுக்குப் போன் அடிக்க யாருக்குத் தைரியம் வரும்? முதலில் துணிந்தவள் ஒரு சின்ன மிஸ். போனை எடுத்து அவரையே கூப்பிட்டாள். சேர் வந்தார், பார்த்தார், ஒன்றுமே இல்லை, வெறும் வாயு. அந்தப் பிள்ளை அழுகிற நிலைக்குப் போய்விட்டது. சேர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளுக்கும் தனக்குமாக இரண்டு தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். குடித்து முடித்துவிட்டு, "ஹொந்தாய், நல்லது. நாளைக்கும் இப்படியே கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து, சும்மா கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் தேத்தண்ணி. எனக்கு மட்டும் எத்தனை கோப்பை என்று கேட்காதீர்கள், வெட்கமாக இருக்கிறது.

மூச்சு எண்ணவும் அவர்தான் திரும்பப் படிப்பித்தார். பயிற்சியில் எங்களுக்கும் சொல்லித் தந்ததுதான். ஆனால் வேலை மும்முரத்தில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு கணக்கைப் போட்டு எழுதிவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டிருந்தது. சேர் விடமாட்டார். ஒரு நிமிஷம் என்றால் முழு நிமிஷம். நாடி பார்க்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நாம் எண்ணுவது தெரிந்து நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். கண் நெஞ்சில் இருக்க வேண்டும். எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது, அமைச்சரே வந்தாலும் சரி. அது முடிந்ததும் போர்வையைத் தூக்கி இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு நகத்தை அழுத்தி விட்டு, சிவப்புத் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். "உழைத்து இறுகிய உடம்பு பிரஷரைக் கடைசி வரை தாங்கிப் பிடிக்கும், பிரஷர் விழட்டும் என்று காத்திருந்தால் ஆள் விழுந்துவிடுவார். மூச்சும் பாதமும் முன்னாலேயே சொல்லிவிடும்" என்பார்.

இவ்வளவு செய்தும் எங்களுக்கு ஒரு இடத்தில் உதைத்தது. எங்கள் வார்ட்டில் நோயாளிகளைக் கேட்டால், யாருக்கும் ஒரு நோயும் கிடையாது!

உண்மையாகத்தான் சொல்கிறேன். சேர் காலையில் ரவுண்டு வருவார். தனக்குத் தெரிந்த தமிழில், "எப்படி, நல்லமா?" என்று கேட்பார். முதல் கட்டிலிலிருந்து கடைசிக் கட்டில் வரை ஒரே பதில்: "சொகமா இருக்கேங்கய்யா." வயிற்றில் குழாய் தொங்கும், "சொகமா இருக்கேங்கய்யா." காய்ச்சலில் உதடு வெடித்திருக்கும், "சொகமா இருக்கேங்கய்யா." அவர் வாசலில் தலை காட்டியதுமே எல்லாப் பெண்களும் எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை ஒதுக்கி, சேலையை இழுத்துச் சரிசெய்துகொள்வார்கள். நிற்க முடிந்தவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பார்கள்.

ஒருநாள் ரவுண்டு முடிந்து எல்லோரும் வெளியே போன பிறகு, மறந்துவைத்த பேனாவை எடுக்க நான் மட்டும் திரும்பி உள்ளே வந்தேன். ஒரு அம்மா பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, "ஐயா போயிட்டாங்களா?" என்றாள். "போயிட்டாங்கக்கா" என்று பதில் வந்ததும், அப்பாடா என்று கட்டிலில் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். அவளைத் தொடர்ந்து வார்ட்டே சரிந்தது. முனகல், இருமல், "ஐயோ அம்மா"! எனக்குப் பேனா மறந்து போயிற்று.

இது பெரட்டு அல்லவா! தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை நிறுத்தி வேலைக்குப் பிரித்து அனுப்பும் களம்தான் பெரட்டு. அங்கே முகம் வாடி நின்றால் லயத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைய பேர் போய்விடும். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். என் அம்மா காய்ச்சலோடு முகத்தைக் கழுவி, பொட்டு வைத்து, நிமிர்ந்து போய் நிற்பாள். தலைமுறை தலைமுறையாக ஐயாமார் முன்னால் சுகமாக இருந்து பழகிய ஜனம், வார்ட்டிலும் சுகமாக இருக்கிறது.

மூச்சிரைக்க ஓடிப்போய் சேரிடம் சொன்னேன். "அப்படியானால் வேறு என்ன கேட்கலாம்?" என்றார். "முழுப் பேரா, அரைப் பேரான்னு கேட்போம் சேர். இன்னைக்கு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனால் எவ்வளவு முடியும் என்று இவர்களைவிடச் சரியாக யாருக்கும் தெரியாது" என்றேன். அவருக்கு விளங்க வைத்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் தானே கேட்டுப் பார்த்தார். மூக்கில் குழாய் போட்ட கிழவி உட்பட எல்லோரும், "முழுப் பேருங்கய்யா!" சேர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஆகவே கேள்வியை ஐயா போன பிறகு கேட்பது என்று முடிவானது. ரவுண்டு முடிந்ததும் நானோ ஒரு மிஸ்ஸோ தனியாக ஒரு சுற்று வருவோம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "என்னக்கா, இன்னைக்கு மலைக்குப் போனா முழுப் பேரா, அரைப் பேரா?" என்று கேலியாகக் கேட்போம். "அரைப் பேருக்கு இழுத்துப் புடிச்சுப் பாக்கலாம் சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே உண்மை வரும். நேற்று முழுப் பேர் சொன்னவள் இன்று அரைப் பேர் என்றால் உடனே மூச்சு, பாதம், போன். சில டொக்டர்மார் இது என்ன தோட்டத்து வைத்தியம் என்று கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அந்தக் கேள்வியால் நேரத்தோடு தியேட்டருக்குப் போய்ப் பிழைத்து வந்தவர்களை நான் தொட்டுக் காட்டுவேன்.

இப்போது கமலேஸ்வரிக்கு வருகிறேன். இதை எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது.

பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். குடல் சிக்கி அழுகிய ஒரு துண்டை வெட்டியெடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருந்தார் சேர். அவளுக்கு வாயெல்லாம் ஒரே பேச்சு: வீடு. பாட்டன், அப்பன் என்று எல்லோரும் ஒற்றை அறை லயத்திலேயே பிறந்து லயத்திலேயே போனவர்கள். இவள் குடும்பத்துக்குத்தான் முதல் முதலாகத் தனி வீடு, இரண்டு அறை, தனிக் குசினி. வருகிற ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. "என்னை விட்ருங்க சிஸ்டர், பாலை மட்டும் பொங்க வெச்சுட்டு ஓடியாந்துர்றேன்" என்று தினம் கெஞ்சுவாள். "முழுப் பேர் மூணு நாள் விடாமச் சொல்லு, பார்க்கலாம்" என்பேன். சொன்னாள். முழுப் பேர், முழுப் பேர், முழுப் பேர். சாப்பாட்டுத் தட்டு துடைத்து வைத்த மாதிரிக் காலியாகத் திரும்பியது.

பக்கத்துக் கட்டிலில் மேரி. கந்தப்பளைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள், பித்தப்பைக் கல் எடுக்க வந்தவள், கையில் எப்போதும் ஜெபமாலை. இரண்டு பேரும் வார்ட்டில்தான் பழக்கம். ஆனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல ஆகிவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ரவுண்டில் கமலேஸ்வரி தலை வாரி, பவுடர் பூசி, பொட்டு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "சொகமா இருக்கேங்கய்யா." வேறு வேலையாக இருந்ததால் சேர் அன்று வரவில்லை, சின்ன டொக்டர்தான் வந்தார். நாளைக்கு டிஸ்சார்ஜ் துண்டு எழுதி வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் போன பிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "முழுப் பேரு சிஸ்டர்" என்றாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன், வார்ட்டே கம்பளிக்குள் சுருண்டு கிடந்தது. இவள் மூக்குக்குப் பக்கத்தில் பவுடர் திட்டுத் திட்டாகக் கரைந்திருந்தது. வேர்வை! இந்தக் குளிரில் உட்கார்ந்திருக்கும் மனுஷிக்கு ஏன் வேர்க்கிறது? கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ண ஆரம்பித்தேன். நிமிஷம் முடிவதற்குள்ளேயே எண்ணிக்கை முப்பதைத் தாண்டிவிட்டது. போர்வையைத் தூக்கிப் பாதத்தைத் தொட்டேன், குழாய்த் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது.

"ஏண்டி, உண்மையைச் சொல்லு. வலிக்குதா?"

"இல்ல சிஸ்டர், முழுப் பேரு…"

மேரி பக்கம் திரும்பினேன். அவள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். "மேரி! இவ காலையில சாப்பிட்டாளா?"

ஜெபமாலை இன்னும் வேகமாக உருண்டது. நான் சங்கை ஊதினேன். "மேரி!"

"நான்தான் சாப்புட்டேன் சிஸ்டர்" என்று ஓவென்று அழுதாள். "நேத்துலருந்து இவ ஒரு வாய் எறக்கல. ரெண்டு தட்டையும் நானே சாப்புட்டேன். தலை வாரி விட்டதும் நான்தான். ஞாயித்துக்கெழம வீடு சிஸ்டர்… அதான் நெர புடிச்சுக் குடுத்தேன்."

நிரை பிடித்தல். எனக்குச் சுருக்கென்றது. மலையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை, அதாவது பறிக்க வேண்டிய செடிகளின் வரிசை. ஒருத்திக்கு உடம்பு முடியாமல் பின்தங்கினால், பக்கத்து நிரைக்காரி தன்னுடையதோடு அவளுடையதையும் சேர்த்துப் பறித்து, சத்தமில்லாமல் கூடையில் போட்டுக் கொடுப்பாள். கங்காணிக்குத் தெரியாது, அவளுக்கும் முழுப் பேர் பதிந்துவிடும். என் அம்மாவுக்கு எத்தனை பெண்கள் நிரை பிடித்துக் கொடுத்திருப்பார்கள்! அந்த அன்பில்தான் நாங்கள் வளர்ந்தோம். அதே அன்பு இங்கே கமலேஸ்வரியைக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. மேரியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

சின்ன டொக்டரைக் கூப்பிட்டேன். நல்ல பையன், ஓடி வந்தார். பிரஷரைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், பிரஷர் நல்லா இருக்கே. இரத்தம் சோதிக்க அனுப்புவோம், பின்னேரம் திரும்பப் பார்ப்போம்" என்றார். "பின்னேரம் வரைக்கும் பொறுக்காது டொக்டர், நான் சேரைக் கூப்பிடுறேன்" என்றேன். "சேர் கண்டிக்குப் போக வெளிக்கிட்டுட்டாரே. மகளைப் பார்க்க." "இன்னும் கேட்டைத் தாண்டியிருக்க மாட்டார்!"

தாண்டித்தான் இருந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு அப்பால் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றாராம். நான் போனில் சொன்னது மூன்றே விஷயம்: மூச்சு வேகம், பாதம் சில்லிட்டிருக்கிறது, நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வருகிறேன்" என்று வைத்துவிட்டார். கார் திரும்ப இடமில்லாமல், டிரைவரிடம் விட்டுவிட்டு மப்ளர் பறக்க நடந்தே வந்துவிட்டார் மனிதர்! மேட்டில் ஏறி வந்த இரைப்பில் அவருக்கே பேச முடியவில்லை. வந்தவர் வழக்கம் போலக் கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குப் பார்த்து எனக்கு அந்தப் பொறுமையின் மேல் அப்படி ஒரு எரிச்சல். பிறகு வயிற்றில் கையை வைத்தார். கமலேஸ்வரி முதல் தடவையாக அலறினாள்.

"தையல் விட்டிருக்கிறது. தியேட்டர்."

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல! சின்ன டொக்டர் இரத்தம் எடுக்கத் தானே இரத்த வங்கிக்கு ஓடினார். மயக்க மருந்து டொக்டர் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தபடியே வைத்துவிட்டு வந்தார். டிராலியைத் தள்ளும் அண்ணன் பாதி வழியில் செருப்பை உதறிவிட்டு ஓடினார். கதவில் நுழையும்போது கமலேஸ்வரி என் கையை இறுக்கிப் பிடித்து, "ஞாயித்துக்கெழம?" என்றாள். "நீ இல்லாமப் பால் பொங்காது, போ" என்றேன். அது பொய்யாகிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

திறந்து, கழுவி, குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்துப் பை வைத்தார்கள். உயிரோடு வெளியே வந்தாள், ஆனால் அதோடு முடியவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் இல்லை, பக்கத்து ஊர்களிலும் இல்லை. சேர் எங்கள் வார்ட்டைச் சுற்றிப் பார்த்தார். "கட்டில் இல்லாவிட்டால் என்ன, ஆட்கள் இருக்கிறார்கள்" என்றார். ஒரு மூலையைத் திரை போட்டு மறைத்தோம். பிரஷரைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து சொட்டிக்கொண்டே இருக்க, ஒரு மிஸ் கட்டிலை விட்டு அசையக் கூடாது என்று முறை போட்டோம். லீவில் இருந்த பிள்ளைகள் இரண்டு பேர், கூப்பிடாமலேயே வந்து நின்றார்கள். சேரின் மகள் அந்த வாரம் அப்பாவைப் பார்க்கவில்லை.

கமலேஸ்வரியின் புருஷன் வாசலில் நின்று கேட்டார்: "சிஸ்டர், ஞாயித்துக்கெழமைக்கு எல்லாருக்கும் சொல்லியாச்சு. என்ன செய்யட்டும்?" உடனே அவரே சொன்னார்: "வேணாம் சிஸ்டர். கதவைப் பூட்டியே வெக்கிறேன். அவ வந்து தொறக்கட்டும்." அந்த மனிதர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

மேரிக்கு ஒரு வேலை கொடுத்தேன். "நீ நிரை பிடிச்சது போதும். இனி நீ இவளைப் பார்த்துக்கிட்டே இருக்கணும், எது மாறினாலும் கத்தணும். பெரிய ஐயா நின்னாலும் கத்தணும்" என்றேன். விளையாட்டாகச் சொன்னதல்ல, என்றாலும் இப்படிப் பலிக்கும் என்று நினைக்கவில்லை. மருந்தெல்லாம் குறைத்து, திரையை விலக்கி, எல்லோரும் மூச்சு விட்டிருந்த ஒரு காலை. சேர் ரவுண்டில் நான்காவது கட்டிலில் நிற்கிறார். வார்ட்டில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அப்போது மேரி எழுந்து நின்று, என் குரலையே தோற்கடிக்கிற மாதிரி, "ஐயா! அங்க பொறவு பாக்கலாங்கய்யா! இங்க வாங்க! இவளுக்கு அரைப் பேரு கூட இல்லீங்க!" என்று அலறினாள்.

எல்லோரும் உறைந்து போனோம். எங்கள் வார்ட்டில் ரவுண்டு நேரத்தில் ஒரு தோட்டத்துப் பெண் ஐயாவைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சேர் மட்டும் உறையவில்லை, ஓடினார். நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்திருந்தது. நேரத்தோடு பிடித்துவிட்டோம். உடனே ஒக்ஸிஜன், ஊசி. மத்தியானத்துக்குள் மூச்சு தணிந்தது. சேர் மேரிக்குக் கை கொடுத்தார். அவள் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து, கடைசியில் நீட்டினாள். நான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம்.

கமலேஸ்வரி பிழைத்தாள். வாரக்கணக்கில் ஆயிற்று, எலும்பும் தோலுமாகத்தான் வீட்டுக்குப் போனாள், வயிற்றில் பையோடு. ஆனால் போனாள்! தன் காலால் நடந்து, படி இறங்கிப் போனாள்.

பால் காய்ச்ச நாள் பார்த்ததும் எங்களுக்கு அழைப்பு வந்தது. சேர், நான், மேரி மூவரும் போனோம். மலைச்சரிவில் வரிசையாகப் புது வீடுகள். அதில் ஒன்றுக்கு மட்டும் இன்னும் பூட்டு. லயமே திரண்டு நின்றது. கமலேஸ்வரி பூட்டைத் திறந்து, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். குசினியில் செங்கல் அடுப்பு, புதுப் பானை, பால். ஸ்பீக்கரில் பாட்டு, வாசலில் தப்பு மேளம், உள்ளே பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் அடுப்புக்கு முன்னால் குனிந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பால் ஏற ஆரம்பித்தது.

சட்டென்று நிமிர்ந்தாள். அத்தனை சொந்தக்காரர்கள், பெரியவர்கள், கங்காணிமார், சேர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, "எனக்கு முடியல. உடம்பு என்னமோ மாதிரி வருது. சிஸ்டர், என்னப் பாருங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, குசினி நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஸ்பீக்கரை நிறுத்துங்க!" என்றேன். மேளமும் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன், கண்ணை நெஞ்சில் வைத்தேன், எண்ண ஆரம்பித்தேன். ஒருவரும் அசையவில்லை. சேர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் பானையில் சுர்ரென்று சத்தம், பால் விளிம்பைத் தாண்டி நாலாபக்கமும் வழிந்து அடுப்பில் விழுந்தது. பொங்கிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை, ஒரு குலவை கூட இல்லை. அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முழு நிமிஷமும் எண்ணினேன். பிறகு பாதத்தைத் தொட்டேன். இளஞ்சூடு.

"களைப்புதான்! ஒண்ணுமில்ல! பால் பொங்கிருச்சு, மேளத்தை அடிங்கடா!" என்று கத்தினேன்.